ஈக்கும் புற்றுநோய் வரும்! சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. சொல்லும் பெரிய பாடம்

ஈக்குப் புற்றுநோய் வருமா? இப்படிக் கேட்டால் பலருக்குச் சிரிப்புதான் வரும். மனிதனுக்கு வந்த நோய்க்கே மருந்து தேடி அலைகிறோம், இதில் ஈயைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கவும் கூடும். ஆனால் உண்மை என்னவென்றால், ஈக்கும் கட்டி வரும். 1918-ஆம் ஆண்டிலேயே மேரி ஸ்டார்க் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர், பழ ஈயின் புழுக்களில் பரம்பரையாக வரும் ஒரு கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஒரு நூற்றாண்டைத் தாண்டி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நாட்டில் ஒரு லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய புற்றுநோயாளிகள் கண்டறியப்பட்டனர். பத்துப் பேரில் ஆறு பேருக்கும் மேல், நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை அடைந்த பிறகே அதை அறிந்தார்கள். பினாங்கில் தஞ்சோங் பூங்காவில் உள்ள மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனைக்கும் மற்ற மருத்துவமனைகளுக்கும் உள்ளூர் மக்கள் மட்டுமல்ல, கடல் கடந்து சுமத்ராவிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: 'நல்லபடியாக இருந்த உடம்பில் இந்தக் கட்டி எப்படி வந்தது?'

அந்தக் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி, ஒரு சின்ன ஈயின் உடம்பில் கிடைத்திருக்கிறது.

எந்த ஈ இது?

ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா சந்தையில் வாங்கி வந்த வாழைப்பழம் சற்று அதிகமாகக் கனிந்துவிட்டால், எங்கிருந்தோ பொடிப்பொடியாக ஈக்கள் வந்து மொய்க்கும். மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. உற்றுப் பார்த்தால் கண்கள் சிவப்பாகத் தெரியும். டிரோசோஃபிலா என்று அறிவியல் உலகம் அழைக்கும் பழ ஈக்களின் இனம் இதுதான்.

பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் வேறொரு பழ ஈயை நினைத்துக்கொள்ளக் கூடும். நட்சத்திரப் பழத்தையும் கொய்யாவையும் துளைத்து முட்டையிட்டு நாசம் செய்வது அந்தப் பெரிய ஈ. அதற்குப் பயந்துதான் பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுகிறார்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது அந்தத் தோட்டத்து ஈயை. இங்கே பேசப்படுவது வீட்டுக்கு வரும் பொடி ஈ.

இந்தப் பொடி ஈ, சூடான அறையில் பத்தே நாட்களில் முட்டையிலிருந்து முழு ஈயாகிவிடும். ஒரு சிறு குப்பியில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். 1910-ல் தாமஸ் ஹண்ட் மார்கன் இதை வைத்துத்தான் மரபணுக்கள் குரோமோசோம்களில் இருப்பதைக் காட்டத் தொடங்கினார். 1933-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் இந்த ஈயின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அப்போது ஒரு வியப்பான செய்தி தெரிந்தது. மனிதனின் நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்கு, ஈயின் உடம்பிலும் உறவுக்கார மரபணு இருக்கிறது! ஈயை ஆராய்வது நம்மை ஆராய்வதும் ஆகும் என்பது இதனால்தான்.

கல்யாணச் சமையலும் ஒரு சீட்டும்

சரி, ஆர்.என்.ஏ. என்றால் என்ன? ஒரு கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்வோம். தலைமைச் சமையல்காரரிடம் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. எல்லாப் பதார்த்தத்துக்கும் உரிய செய்முறை அதில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அடுப்படிக்குக் கொண்டுபோனால் எண்ணெயும் புகையும் பட்டுக் கெட்டுவிடும். ஆகவே தேவையானதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறார். சீட்டைப் பார்த்து ஆட்கள் சமைக்கிறார்கள்.

உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். புத்தகம் டி.என்.ஏ. சீட்டு, தூது ஆர்.என்.ஏ. சமைத்து வரும் பதார்த்தம் புரதம். சீட்டைப் படித்துப் புரதம் சமைக்கும் இயந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பைத் துல்லியமாகக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பது தமிழர்களுக்குப் பெருமை.

இனி அடுத்த கட்டம். பந்தியில் பாயசம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் அடுப்படியில் சீட்டு இருக்கும் வரை ஆட்கள் பாயசம் வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். யாராவது ஒருவர் உள்ளே போய் அந்தச் சீட்டை அடித்துவிட வேண்டும், அல்லது கிழித்துப் போட வேண்டும். உயிரணுவில் அந்த வேலையைச் செய்வதுதான் நுண் ஆர்.என்.ஏ.

இதன் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 22 எழுத்துகள். அவ்வளவுதான். சாதாரணத் தூது ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்டது. ஆர்.என்.ஏ.வில் நான்கே வகை எழுத்துகள் உண்டு. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி எழுத்து இருக்கிறது. சட்டையின் ஜிப்பில் பல்லோடு பல் பொருந்துவது போல, நுண் ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியில் உள்ள ஏழெட்டு எழுத்துகள் தூதுச் சீட்டின் வால்பகுதியோடு பொருந்திக்கொள்ளும். ஆர்கோநாட் என்ற புரதம் நுண் ஆர்.என்.ஏ.வைக் கையில் பிடித்துக்கொண்டு சீட்டு சீட்டாகத் தேடும். பொருந்தும் சீட்டு அகப்பட்டதும், அதைப் படிக்க விடாமல் தடுத்துச் சிதைத்துவிடும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்குத்தான் பொருந்தும்.

1993-ல் முதன்முதலாக ஒரு நுண் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தவர் விக்டர் அம்புரோஸ். அது தன் இலக்கை எப்படி அடக்குகிறது என்பதைக் காட்டியவர் கேரி ருவ்குன். இருவரும் ஆராய்ந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவை. 'இது புழுவுக்கு மட்டும் உரிய விநோதம்' என்று அன்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 31 ஆண்டுகள் கழித்து, 2024-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அந்த இருவருக்கும் வழங்கப்பட்டது.

ஜாவாவின் கோழியும் ஈயின் மரபணுவும்

ஈயின் வளர்ச்சிக்கும் நுண் ஆர்.என்.ஏ.வுக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் 'பேண்டம்' வருகிறது.

குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்கு 'பேண்டம் வெயிட்' என்ற எடைப் பிரிவு தெரிந்திருக்கும். அந்தப் பெயர் ஒரு குட்டிக் கோழியிலிருந்து வந்தது. அந்தக் கோழிக்குப் பெயர் தந்தது நமக்கு அருகில் உள்ள ஜாவாத் தீவின் பழைய மிளகுத் துறைமுகமான பான்டென். அங்கே வந்த ஐரோப்பிய மாலுமிகள் அந்தச் சிறு கோழிகளைத் துறைமுகத்தின் பெயராலேயே அழைத்தார்கள்.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஸ்டீபன் கோஹென் என்பவரின் குழு, ஈக்களின் உடல் அளவை மாற்றும் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு மரபணு குறைந்தபோது ஈக்கள் குட்டையாகின. அது கூடியபோது திசுக்கள் அளவுக்கு மீறி வளர்ந்தன. அதற்கு அவர்கள் 'பேண்டம்' என்று பெயர் வைத்தார்கள். 2002-ல் இந்தச் செய்தி வெளியானது. ஆனால் ஒரு புதிர் இருந்தது. அந்த இடத்தில் புரதம் உண்டாக்கும் மரபணு எதுவும் கிடைக்கவில்லை! புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பது போலத் தோன்றியது.

2003-ல் புதிர் அவிழ்ந்தது. அங்கே இருந்தது ஒரு நுண் ஆர்.என்.ஏ. அது அடக்கும் சீட்டுகளில் ஒன்று 'ஹிட்' என்ற மரபணுவின் சீட்டு. 'ஹிட்' என்ன செய்யும்? உயிரணுவைத் தானாக மடியச் செய்யும். கேட்க அச்சமாக இருந்தாலும், இது உடலுக்கு மிகவும் தேவையான வேலை. பழுதுபட்ட உயிரணுவும் வேண்டாத உயிரணுவும் தாமாக விலகிக்கொண்டால்தான் உறுப்பு ஒழுங்காக அமையும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நுண் ஆர்.என்.ஏ.வுக்குத் தெரிந்தது 'நிறுத்து' என்ற ஒரே சொல்தான். பிறகு பேண்டம் எப்படித் திசுவை வளர்க்கிறது? அது நிறுத்துவது, உயிரணுவை மடியச் சொல்லும் சீட்டை! காவலாளியைக் கட்டிப்போட்டால் கதவு திறப்பது போல. ஒரு நுண் ஆர்.என்.ஏ. வளர்ச்சியைத் தூண்டுமா, தடுக்குமா என்பது, அது யாருடைய சீட்டைக் கிழிக்கிறது என்பதைப் பொறுத்தது.

நீர்யானை என்ற பிரேக்

ஈயின் புழுவுக்குள் இறக்கைக்கான ஒரு சிறு தட்டு இருக்கிறது. தொடக்கத்தில் அதில் சில பத்து உயிரணுக்களே இருக்கும். நான்கு நாட்களில் அது பல்லாயிரம் உயிரணுக்களாகப் பெருகும். பிறகு சரியான அளவில் நின்றுவிடும். வலது இறக்கையும் இடது இறக்கையும் ஒரே அளவாக அமையும். யார் அளந்து பார்த்தது? யார் 'போதும்' என்று சொன்னது?

இதற்கு ஒரு பிரேக் இருக்கிறது. 2003-ல் கண்டறியப்பட்ட அதன் முக்கியமான மரபணுவுக்கு 'ஹிப்போ', அதாவது நீர்யானை என்று பெயர். அது பழுதானால் ஈயின் தலை பெருத்து, தோல் மடிப்பு மடிப்பாகி நீர்யானை போலத் தோன்றும். மரபணு கெட்டால் ஈ எப்படித் தோன்றுகிறதோ, அதையே பெயராக வைப்பது ஈ ஆராய்ச்சியாளர்களின் வழக்கம்.

ஹிப்போ பிரேக் சரியாக இருக்கும் வரை, 'யார்க்கி' என்ற புரதம் அடங்கியிருக்கும். பிரேக் தளர்ந்தால் யார்க்கி உயிரணுவின் கருவுக்குள் சென்று வளர்ச்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அப்படி முடுக்கப்படும் மரபணுக்களில் ஒன்றுதான் பேண்டம் என்பதை 2006-ல் ஆய்வுக் குழுக்கள் காட்டின. பிரேக் ஒன்று, முடுக்கி ஒன்று. இரண்டையும் இணைக்கும் கம்பியும் கிடைத்துவிட்டது. மனித உடலிலும் இதே பிரேக் இருக்கிறது. அது தளர்ந்துபோவது நம் புற்றுநோய்கள் சிலவற்றிலும் காணப்படுகிறது.

சிங்கப்பூரில் கிடைத்த விடை

கோஹென் 2007-ல் சிங்கப்பூரின் டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்துக்கு வந்தார். அவரும் ஹெக்டர் ஹெரான்ஸ் முதலிய ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியமானது.

'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்ற மரபணுவின் பெயரை நுரையீரல் புற்றுநோயாளிகளின் குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். ஆசிய நாடுகளில், புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இந்த மரபணுவின் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அதற்கென்றே மாத்திரைகளும் உள்ளன. இதே மரபணுவை ஈயின் திசுவில் மிகையாக வேலை செய்ய வைத்தார்கள். திசு பெருத்தது. ஆனால் அது சாதுவான வளர்ச்சி. அக்கம்பக்கத்தைத் தாக்கவில்லை. பிறகு அதோடு பேண்டத்தையும் கூட்டினார்கள். நிலைமை தலைகீழானது! திசுவின் ஒழுங்கு குலைந்தது. கட்டியின் உயிரணுக்கள் இடம் விட்டு இடம் பரவின. அதாவது, கொடிய புற்றாக மாறியது.

காரணம் என்ன? பேண்டம் அடக்கிய இன்னொரு சீட்டு, 'சாக்ஸ்' என்ற காவல் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் காவல் போனதும் கட்டி கட்டவிழ்ந்தது. மனித உயிரணுக்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவைக் குறைத்துப் பார்த்தபோது, அங்கும் உயிரணுக்கள் புற்றுத் தன்மையை நோக்கி நகர்ந்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரே ஒரு தவறால் பெரும்பாலும் புற்றுநோய் வருவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தவறுகள் சேரும்போதுதான் வருகிறது. முதல் தவறுக்கும் இரண்டாம் தவறுக்கும் நடுவில் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வழி உண்டு.

தூண்டுவதும் உண்டு, காப்பதும் உண்டு

எல்லா நுண் ஆர்.என்.ஏ.க்களும் பேண்டம் போன்றவை அல்ல. ஸ்பெயின் நாட்டில் அலிகான்டே நகர ஆய்வாளர்கள் 2011-ல் காட்டிய 'மிர்-8' இதற்கு நேர்மாறானது. 'நாட்ச்' என்ற வளர்ச்சிச் சமிக்ஞை எல்லை மீறும்போது ஈயின் கண்ணில் வரும் கட்டியை அது அடக்குகிறது. மனிதனில் அதன் உறவுக்காரக் குடும்பத்துக்கு 'மிர்-200' என்று பெயர். அதுவும் புற்றணுக்களை அடக்கக்கூடியது.

இன்னொரு வகைச் சிறு ஆர்.என்.ஏ.வும் உண்டு. முட்டையும் விந்தும் உருவாகும் இடத்தில், மரபணுத் தொகுதியைக் குலைக்கும் 'தாவும் மரபணு'க்களை அடக்கிவைப்பது அதன் வேலை. அதைப் 'பீவி' என்ற புரதக் குடும்பம் தாங்கி நிற்கிறது. 2010-ல் பார்சலோனா ஆய்வாளர்கள் ஈயின் மூளைக் கட்டி ஒன்றை ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டிக்குள் பீவி உள்ளிட்ட, இனப்பெருக்க உறுப்புக்கு மட்டுமே உரிய மரபணுக்கள் விழித்துக்கொண்டிருந்தன! அவற்றில் சிலவற்றை நிறுத்தியதும் கட்டியின் வளர்ச்சி குன்றியது. ஓரிடத்தில் காவலாக இருப்பது, தனக்கு உரியதல்லாத இடத்தில் கேடாகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது உயிரணுவுக்கும் பொருந்துகிறது. பேண்டம் இல்லாவிட்டால் ஈ வளராது. மிஞ்சினால் கட்டி. உடலில் நல்லது, கெட்டது என்று தனித்தனியே இல்லை. அளவும் இடமும்தான் இருக்கின்றன.

மருந்து வந்துவிட்டதா?

நேயர்கள் அடுத்துக் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். இதற்கு நேர்மையான விடை: புற்றுநோய்க்கு இன்னும் இல்லை.

மனிதப் புற்றுநோயில் நுண் ஆர்.என்.ஏ.வின் பங்கு 2002-ல் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் வெளிப்பட்டது. அங்கே காக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் இரண்டு அழிந்துபோயிருந்தன. அப்படியானால் காக்கும் வகையை ஊசியாகச் செலுத்தினால் என்ன என்று யோசித்தார்கள். 'மிர்-34' என்பதைப் போலச் செய்த ஒரு மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சிலருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி, உயிரிழப்புகளும் நேர்ந்ததால் 2016-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. ஒரு நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தொடக்கூடியது. உடல் முழுதும் அதைச் செலுத்துவது எளிய காரியம் அல்ல.

ஆனால் கதவு மூடப்படவில்லை. சிறு ஆர்.என்.ஏ. முறையில் அமைந்த முதல் மருந்து, நரம்பைப் பாதிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்காக 2018-ல் அங்கீகரிக்கப்பட்டது. அதே முறையில் மற்ற நோய்களுக்கும் சில மருந்துகள் வந்துள்ளன. வழி இருக்கிறது. புற்றுநோய்க்கான பயணம் மட்டும் இன்னும் முடியவில்லை.

ஆகவே, 'மரபணுவைச் சரிசெய்யும் மாத்திரை', 'புற்றைக் கரைக்கும் சாறு' என்று யாராவது விற்க வந்தால் எச்சரிக்கை தேவை. மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்தை விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அதை நம்பிக் காத்திருந்த மாதங்கள் திரும்ப வருமா?

மறைக்க வேண்டிய நோய் அல்ல

நம் சமூகத்தில் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது. மார்பில் கட்டி தென்பட்டாலும் பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். மலத்தில் இரத்தம் கண்டாலும் ஆண்கள் மூலம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். 'செய்வினையோ, யார் விட்ட சாபமோ' என்று வீட்டில் கிசுகிசுக்கிறார்கள்.

ஈக்கு யார் சாபம் விட்டது? அதற்கு யார் செய்வினை வைத்தது? அதன் உடம்பிலும் கட்டி வருகிறது. உயிரணுக்கள் பெருகி வாழும் எந்த உயிரிலும், 'நிறுத்து' என்ற சீட்டு எங்கேயாவது தவறிப்போகலாம். அது பாவமும் அல்ல, அவமானமும் அல்ல. ஓர் உயிரணுவின் கணக்குப் பிழை. பிழையை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ, அவ்வளவு சுலபமாகத் திருத்தலாம்.

மலேசியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடம் பெருங்குடல் புற்றுநோய். இரண்டுமே தொடக்கத்தில் கண்டுபிடித்தால் நல்ல பலன் தரும் சிகிச்சை உள்ளவை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கக் 'கிளினிக் கெசிஹாத்தான்' ஒன்றில் எளிய மலப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புழுவை ஆராய்ந்தவர்களுக்கு 31 ஆண்டுகள் கழித்து நோபல் கிடைத்தது. ஈயை ஆராய்கிறவர்கள் இன்றும் குப்பிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 'ஈயைப் படித்து என்ன கண்டாய்?' என்று பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போகும் பிள்ளையை யாரேனும் கேலி செய்தால், பெற்றோர் இதை எடுத்துச் சொல்லலாம். ஆராய்ச்சிக்குக் காலம் பிடிக்கும். அதற்கு நாம் காத்திருக்கலாம். ஆனால் உடம்பில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்டுவதற்கு மட்டும் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.